குறுக்கே

லட்டு அந்த ஆளின் கையை நக்கியது.

அவர் பெயர் தனக்கோடி. நாய் பழக்கும் அந்த மைதானத்தில் திருடனாக வருவதுதான் அவர் வேலை. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, மூங்கில் குச்சியைச் சுழற்றியபடி, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு மறுகோடியிலிருந்து அவர் ஓடிவந்தபோது ஜோசஃபின், நடிப்பு என்று முன்பே சொல்லியிருந்தும் கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்துவிட்டாள். லட்டு மட்டும் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, விருந்தாளியை எதிர்பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. அவர் பக்கத்தில் வந்ததும் எழுந்து, குச்சியை மோந்து பார்த்து, வாலை ஆட்டி, கையை நக்கியது. தனக்கோடி கைக்குட்டையை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினார்.

"இது கடிக்கலன்னா எனக்கு இங்க வேலையில்ல மிஸ்" என்றார்.

வேலியோரம் நின்றிருந்த கிளிஃபர்ட் சிரித்துக்கொண்டே வந்தான். நாற்பதை நெருங்கும் வயது. வெயிலில் காய்ந்த முகம், முழங்கை வரை பழைய பல்தடங்கள். மர்பி டவுனில் பிறந்து வளர்ந்தவன். செக்யூரிட்டி கம்பெனிகளுக்கு நாய் பழக்கிக் கொடுத்துவிட்டு, இப்போது ஹென்னூர் தாண்டி ஒரு காலி மனையைக் குத்தகைக்கு எடுத்து, பச்சை வலை கட்டிச் சொந்தமாக நடத்துகிறான். லட்டுவுக்கு ஊசி போடும் டாக்டர்தான் அவன் நம்பரைக் கொடுத்தார்.

"பேர் என்னான்னு சொன்னீங்க இதுக்கு?"

"லட்டு."

"சரியாத்தான் வச்சிருக்காங்க." குனிந்து லட்டுவின் காதைத் திருகினான். கறுப்பும் செம்பழுப்புமான பெரிய ஜெர்மன் ஷெப்பர்ட். தெருவில் போகிறவர்கள் விலகிப் போவார்கள், அது அவர்களைத் தேடிப் போகும். "நல்ல நாய் மிஸ். பயப்படல, பாத்தீங்களா? பயப்படற நாய்க்குச் சொல்லித் தர முடியாது, அது கண்டவனயும் கடிக்கும். இவன் அப்படி இல்ல. உலகத்துல எல்லாரும் நல்லவங்கன்னு நெனச்சிட்டிருக்கான், அவ்ளோதான்." பிறகு சாதாரணமாகக் கேட்டான். "உங்களுக்கு யார்கிட்டேர்ந்து ப்ரொடெக்‌ஷன் வேணும்?"

"செயின் அறுக்கறாங்கல்லப்பா" என்றாள் ஜோசஃபின். "மார்க்கெட் பக்கத்துலயே ரெண்டு பேருக்கு ஆச்சு. நான் தனியா இருக்கேன்."

கிளிஃபர்ட்டின் பார்வை ஒரு நொடி அவள் கழுத்துக்குப் போய் வந்தது. அங்கே செயின் எதுவும் இல்லை. ஒரு கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை மட்டும் இருந்தது.

ஜோசஃபின் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளியில் யூ.கே.ஜி. மிஸ். அந்தப் பக்கத்தில் தாடி வைத்த ஆண்கள்கூடப் பைக்கை நிறுத்தி "குட் ஈவினிங் மிஸ்" என்று சொல்வார்கள். பென்சில் பிடிக்கவும் மூக்கைச் சிந்தவும் அவளிடம் கற்றவர்கள். அவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அழும் குழந்தைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அதைவிட மெல்லப் பேசுவாள். தான் அழுவது தனக்கே பெரிதாகக் கேட்டு, குழந்தை வெட்கப்பட்டு நிறுத்திவிடும். அந்த வித்தை வீட்டில் பலிக்கவில்லை.

அவள் கணவர் ஜெயராஜ் கொரோனாவின் இரண்டாவது அலையில் போய்விட்டார். மகன் அமல் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். ஆக்ஸிஜன் சிலிண்டருக்காக மூன்று ஆஸ்பத்திரி வாசல்களில் நின்றவன் அவன்தான். பிளாஸ்டிக் உறையில் சுற்றிய அப்பாவை அடையாளம் காட்டியவனும் அவன்தான். ஜோசஃபினுக்கும் அப்போது காய்ச்சல். அவளை வீட்டைவிட்டு வெளியே வர விடவில்லை. அங்கே என்ன பார்த்தான் என்று அவன் சொன்னதில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறாள். சில மாதங்கள் கழித்து ஒரு மழை நாளில் ரெயின்கோட்டுக்குள் எதையோ அணைத்துக்கொண்டு வந்தான். ஜிப்பை இறக்கியதும் ஈரமான இரண்டு காதுகள் வெளியே வந்தன. "இவன் இங்க இருக்கட்டும் மம்மி. வீடு ரொம்ப அமைதியா இருக்கு" என்றான். லட்டு என்று பெயர் வைத்து, தன் கட்டிலிலேயே படுக்கவைத்துக்கொண்டான். அந்த வருடம்தான் குடிக்கவும் ஆரம்பித்தான்.

முதலில் வார இறுதிகளில் மட்டும் குடித்தான். பிறகு கிழமை தெரியாமல் போனது. சேர்ந்த வேலைகள் ஒவ்வொன்றாக நின்றன. போதை தெளிந்த காலைகளில் அவனைப்போல நல்ல பிள்ளை கிடையாது. வாசல் பெருக்குவான், அவள் காலுக்குத் தைலம் தேய்ப்பான், "இனிமே இல்ல மம்மி" என்பான். அவளும் நம்புவாள். நம்பாமல் இருக்க ஒரு தாய்க்கு எங்கேயாவது சொல்லித் தருகிறார்களா என்ன?

ஈஸ்டருக்கு முந்தின வாரம் ஒரு மத்தியானம், அவன் ஒளித்து வைத்திருந்த பாட்டிலை அவள் தொட்டியில் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது வந்துவிட்டான். கையைப் பிடித்து முறுக்கினான். அவள் விடவில்லை. தள்ளினான். துவைக்கிற கல்லின் மேல் விழுந்தாள். மணிக்கட்டிலிருந்து வந்த சத்தத்தை இரண்டு பேருமே கேட்டார்கள். அப்போது லட்டு இருவரையும் சுற்றிச் சுற்றி ஓடியது அவளுக்கு நினைவிருக்கிறது. விளையாட்டு என்று நினைத்துவிட்டது போலும். அவள் அலறியதும் போய்க் கட்டிலடியில் பதுங்கிக்கொண்டது. அமல்தான் அழுதுகொண்டே ஆட்டோ பிடித்தான், அமல்தான் டாக்டரிடம் "பாத்ரூம்ல வழுக்கிட்டாங்க" என்றான். அவள் தலையாட்டினாள். அதன்பிறகு பள்ளியிலும் கோயிலிலும் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னாள். சொல்லச் சொல்ல அந்தப் பாத்ரூமின் ஈரத் தரைகூட அவளுக்கு ஞாபகம் வர ஆரம்பித்தது.

மாவுக்கட்டைப் பிரித்து சில வாரங்களில் மறுபடியும் ஒரு தள்ளல், சுவரில் உடைந்த ஒரு தட்டு. அடுத்த நாள் அவன் வெளியே போயிருந்தபோது துணிகளைப் பையில் அடுக்கி வாசலில் வைத்து, கேட்டைப் பூட்டினாள். அவன் திரும்பி வந்து கத்தியதைத் தெருவே பார்த்தது. கடைசியில் பையை எடுத்துக்கொண்டு போனான். ஒக்கலிபுரத்தில் ஒரு நண்பன் அறையில் இருப்பதாகவும், கூரியர் கிடங்கில் மூட்டை பிரிப்பதாகவும் தெரிந்தது. சில நாள் போனில் "சாரி மம்மி" என்று அழுவான். சில நாள் "வந்தேன்னா கதவ ஒடைப்பேன்" என்பான். கேட்டின் கொண்டி அசைந்தாலே அவள் போய் வாசற்கதவைத் தாழ்போடுவாள். காற்றுக்கும் அது அசையும்.

கிளிஃபர்ட்டிடம் அவள் சொன்ன செயின் திருடனுக்குள் இத்தனையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து அவள் வந்ததும், கிளிஃபர்ட் தன் ஆம்னி வேனில் வந்து அவளையும் லட்டுவையும் ஏற்றிக்கொள்வான். வேன் முழுக்க நாய் முடி. அவளுடைய பூசைச் சேலையில் திங்கட்கிழமை வரை ஒட்டியிருக்கும். முதல் மாதம் கடிப்பது பற்றிப் பேச்சே இல்லை. உட்கார், நில், கூடவே நட, கூப்பிட்டால் வா, அவ்வளவுதான். லட்டு ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. பிடிபடாமல் போனது ஜோசஃபினுக்குத்தான்.

"மிஸ், நீங்க அவனக் கேக்குறீங்க. கேக்காதீங்க, சொல்லுங்க."

"சொல்றேனே."

"இல்ல. 'உக்கார்றியாப்பா'ன்னு கேக்குறீங்க. அவன் யோசிக்கிறான். ஒருதடவதான் சொல்லணும், அதுக்கப்புறம் நீங்க நகரக் கூடாது."

அவள் மறுபடி சொல்லிப் பார்த்தாள். தன் குரல் மைதானத்தின் நடுவில் தனியாக நிற்பதுபோல இருந்தது. ஐம்பத்தைந்து வயதில், நாய்முன் நின்று "உக்கார்" என்று சொல்லக் கூச்சப்படுவதை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. ஆனால் பள்ளியில் குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, வகுப்பறைச் சன்னலைப் பார்த்து மெல்லச் சொல்லிப் பழகினாள். உக்கார். நில். வா. ஒருநாள் பக்கத்து வகுப்பு டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

பிறகு கந்தல் துணியை இழுக்கும் விளையாட்டு வந்தது. அதன்பின் தனக்கோடி கையில் மாட்டிக்கொண்ட, சணல் சுற்றிய தடித்த உறை. லட்டுவுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் கண் விழித்தது. பல் பதிந்ததும் அதன் உடம்பு முழுவதும் இறுகியது, தொண்டையிலிருந்து அவள் கேட்டிராத ஓர் உறுமல் வந்தது. ஆனால் கிளிஃபர்ட் "அவுட்" என்றதும் விட்டுவிட வேண்டும். அதில்தான் அவன் நாள்கணக்கில் நின்றான்.

"கடிக்கச் சொல்லித் தர்றது ஈஸி மிஸ். விடச் சொல்லித் தர்றதுதான் வேல. விடத் தெரியாத நாய நான் யாருக்கும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன்."

ஒரு ஞாயிறு, கடிக்கச் சொல்லும் வார்த்தையை முதல்முறையாக அவளே சொல்ல வேண்டும் என்றான் கிளிஃபர்ட். தனக்கோடி உடம்பு முழுக்கப் பஞ்சு வைத்த உடுப்போடு, கத்தாமல், குச்சி இல்லாமல், சும்மா நடந்து வந்தார். நிஜமான ஆட்கள் கத்திக்கொண்டு வருவதில்லை என்பது கிளிஃபர்ட்டின் கணக்கு. வந்து அவள் தோளில் கை வைத்தார். கிளிஃபர்ட் சொல்லித்தந்த வார்த்தையை அவள் சொன்னாள். லட்டு பாய்ந்தது. கையைக் கவ்வி, தன் எடையெல்லாம் போட்டு இழுத்தது. தனக்கோடி பஞ்சு உடுப்போடு தடுமாறி மல்லாந்து விழுந்தார். அவருக்கு அது தினசரி வேலை, விழவும் தெரியும். ஆனால் ஜோசஃபினுக்குத் தெரிந்தது மண்ணில் கிடக்கும் ஓர் இளைஞனின் கை, அதில் இறங்கியிருக்கும் பல்.

"மிஸ், அவுட் சொல்லுங்க!" என்று கிளிஃபர்ட் கத்தினான்.

அவளுக்கு அந்த வார்த்தை வரவில்லை. "அமல்!" என்று அலறினாள். "ஐயோ, அமல்!"

கிளிஃபர்ட்தான் ஓடிவந்து லட்டுவை விடுவித்தான். தனக்கோடி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, பாருங்க, ஒண்ணும் இல்ல" என்று இரண்டு கையையும் அவளிடம் காட்டினார். அவள் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

திரும்பும் வழியில் லிங்கராஜபுரம் பாலத்தில் டிராஃபிக் நின்றது. கிளிஃபர்ட் ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"அமல் யாரு மிஸ்?"

"என் பையன்."

"லட்டுவ யாரு வாங்கினது?"

"அவன்தான்."

முன்னால் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, துவைக்கிற கல்லிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். முதல்முறையாக அந்தக் கதையில் பாத்ரூம் இல்லை. சொல்லி முடித்தபோது வண்டி அவள் தெருவுக்கு வந்துவிட்டிருந்தது. கிளிஃபர்ட் இன்ஜினை நிறுத்தினான்.

"அவன லட்டு கடிக்காது மிஸ். நான் எவ்ளோ பழக்கினாலும் கடிக்காது. கையில வச்சு ஊட்டின ஆளு. அப்படியே கடிக்க வச்சாலும், அந்த நாயி அப்புறம் நாயா இருக்காது. பைத்தியம் புடிச்சிடும். நான் பண்ண மாட்டேன்."

"கடிக்க வேணாம்ப்பா" என்றாள் அவள். "நான் கடிக்கணும்னு வரல. அன்னிக்கி அது கட்டிலுக்கு அடியில போய்ட்டுது. எனக்கும் கட்டிலுக்கு அடியில போகணும்போல இருந்துச்சு. யாராவது ஒருத்தர் நடுவுல நின்னிருந்தா போதும். அவ்ளோதான்."

கிளிஃபர்ட் பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த லட்டுவைத் திரும்பிப் பார்த்தான்.

"நடுவுல நிக்கச் சொல்லித் தரலாம். அதுக்கு எதிர்ல இருக்கறது யாருன்னு அவன் பாக்க வேணாம். நீங்க சொன்னா வந்து நிக்கணும், கொரைக்கணும். பல்லு படாது." கதவைத் திறந்துவிட்டு, இறங்காமலே சொன்னான். "ஆனா இது நாய் பாக்க வேண்டிய வேல இல்ல மிஸ். நீங்க யார்கிட்டயாவது சொல்லணும்."

"உன்கிட்ட சொல்லிட்டேனே."

அடுத்த வாரத்திலிருந்து சணல் உறை வேனிலேயே கிடந்தது. வீட்டில் அடிக்கடி புழங்காத வார்த்தையாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னான். அவள் 'குறுக்க' என்றாள். தனக்கோடி எதிரில் வர, 'குறுக்க' என்றதும் லட்டு அவளுக்கும் அவருக்கும் இடையில் புகுந்து, அவள் முழங்காலைத் தன் விலாவால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நிற்க வேண்டும். 'போதும்' என்றால் அமைதியாக வேண்டும். தனக்கோடியிடம் பழகியதும், கிளிஃபர்ட் தானே எதிராளியாக நின்றான். லட்டுவுக்கு உலகத்தில் மிகப் பிடித்தவர்களில் அவன் ஒருவன். சட்டைப்பையில் எப்போதும் ஈரல் துண்டு வைத்திருப்பவன். முதலில் லட்டு குழம்பிப்போய் அவன்மேல் தாவி விளையாடியது. "குறுக்க" என்றாள். அது அவளைத் திரும்பிப் பார்த்தது, அவனைப் பார்த்தது. "ஒருதடவதான் மிஸ், நகராதீங்க" என்றான் கிளிஃபர்ட். அவள் நகரவில்லை. வெகுநேரம் கழித்து, வீட்டுப்பாடத்தில் விடை தெரியாத பிள்ளைபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, அவள் முன்னால் நின்று, கிளிஃபர்ட்டைப் பார்த்து ஒரே ஒருமுறை குரைத்தது. அவன் முகம் மலர்ந்துவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் அமல் வந்தான்.

தூறல் விட்டிருந்தது. ஜோசஃபின் பள்ளியிலிருந்து வந்து, வராந்தாவில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கொண்டி அசைந்தது. லட்டு குரைக்கவில்லை, முனகிக்கொண்டே கேட்டை நோக்கி ஓடியது. பார்ப்பதற்கு முன்பே யார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட் பூட்டியிருக்கவில்லை, அவள் அப்போதுதான் வந்திருந்தாள். அமல் உள்ளே வந்து ஈரத்தரையில் அப்படியே முட்டிபோட்டு உட்கார்ந்தான். லட்டு அவன் கழுத்தையும் காதையும் நக்கி, அவனைக் கீழே சாய்த்து, மேலே ஏறி நின்று அழுதது. நாய் அழுமா என்று கேட்பவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"என் பையா, என் பையா" என்று அமல் அதன் முகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

இளைத்திருந்தான். கூரியர் கம்பெனியின் மஞ்சள் சட்டை தோளில் தொளதொளவென்று தொங்கியது. தாடியை மழித்திருந்தான். மழித்த முகத்தில் ஜெயராஜின் தாடை எலும்பு அப்படியே தெரிந்தது. "காபி இருக்கா மம்மி?" என்று கேட்டான். அவள் போட்டுக் கொடுத்தாள். வராந்தாப் படியில் உட்கார்ந்து குடித்தான். குனிந்து டம்ளரைக் கொடுத்தபோது லேசாக அந்த வாசனை வந்தது. அதிகமில்லை.

"வேலைக்குப் போறியா?"

"போறேன். நைட் ஷிஃப்ட் போட்டிருக்கான்." டம்ளரைக் கீழே வைத்தான். லட்டு அதன் விளிம்பை நக்க ஆரம்பித்தது. "அந்த ரூம காலி பண்ணச் சொல்லிட்டாங்க மம்மி. ஓனர் கூட சண்ட. இனிமே இங்கயே இருந்துக்கறேன்."

"வேணாம்பா."

"வேணாம்னா?"

"இங்க தங்க வேணாம்."

அவன் சிரித்தான். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தவன்போல எழுந்து, கதவை நோக்கி வந்தான். அவள் வாசற்படியில் நின்றிருந்தாள். "தள்ளு மம்மி, பாத்ரூம் போகணும்" என்றான். அவள் நகரவில்லை. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

அவளை ஓரமாக விலக்கிவிட்டு உள்ளே போகத்தான் பிடித்தானோ என்னவோ. முறுக்கவில்லை, இறுக்கவுமில்லை. அதைப் பிறகு அவள் எத்தனையோ முறை யோசித்துப் பார்த்தாள். ஆனால் உடைந்து கூடிய எலும்பு யோசிப்பதில்லை. மூச்சை இழுத்தாள்.

"குறுக்க."

மெல்லத்தான் சொன்னாள். ஆனால் கேட்கவில்லை, சொன்னாள்.

டம்ளரிலிருந்து லட்டு தலையைத் தூக்கியது. அவளைப் பார்த்தது. அமலைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்தது. அது வராமல் போனால் என்ன செய்வோம் என்று அவள் யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. லட்டு எழுந்தது. இருவருக்கும் நடுவே தலையை நுழைத்து, உடம்பை நுழைத்து, அவள் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளியது. அமலின் கை நழுவியது. லட்டு அவனைப் பார்த்துக் குரைத்தது.

"டேய்" என்றான் அமல். "லட்டு. நான்டா."

அது குரைத்தது. வாலும் ஆடிக்கொண்டேதான் இருந்தது. இரண்டு குரைப்புக்கு நடுவே முனகியது. ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை. அமல் கையை நீட்டினான், பின்னால் இழுத்துக்கொண்டான். ஒரு படி இறங்கினான். முகம் சின்னப் பையனுடையதாக ஆகிவிட்டது.

"எனக்காகவா ட்ரெயினிங் குடுத்த? மம்மி? எனக்காகவா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். செயின் திருடன் தயாராக நாக்கிலேயே இருந்தான்.

"ஆமா" என்றாள்.

லட்டு குரைத்துக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுச் சன்னல் திறந்தது. அவள் அதைப் பார்த்தாள், பொருட்படுத்தவில்லை.

"எனக்கு உன்கிட்ட பயமா இருக்கு அமல். நான் பாத்ரூம்ல வழுக்கி விழல."

அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தெரியும்" என்றான்.

"போதும்" என்றாள் அவள் லட்டுவிடம். குரைப்பு நின்றது. ஆனால் லட்டு விலகவில்லை. அவளுக்கு முன்னால், அவன் முகத்துக்கு நேராக, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. அதன் முதுகு நடுங்குவது அவள் முழங்காலில் தெரிந்தது. அந்த முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு, இத்தனை மாதமும் தொண்டையில் உருட்டிக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"இங்க தங்க முடியாது. ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் வா. சாப்பிட்டுட்டுப் போ. குடிக்காம வா."

"குடிச்சிருந்தா?"

"கேட்டுக்கு வெளியவே நில்லு."

"இன்னிக்கி எங்க படுப்பேன்னு கேக்க மாட்டியா?"

கேட்க வேண்டும் என்றுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. "ஷிஃப்டுக்குப் போ" என்றாள். "காலையில போன் பண்ணு. ஒரு ரூம் பாத்துத் தர யார்கிட்டயாவது கேக்கறேன். டாக்டர்கிட்ட வர்றேன்னு சொன்னா, கூட நானும் வர்றேன். இங்க வேணாம்."

அவன் எழுந்து, புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நடந்து போய்க் கேட்டைத் திறந்து வெளியே போனான். தானே கொண்டியைப் போட்டான். போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை. கேட்டுக்கு வெளியே, மழைத் தண்ணீர் ஓடும் ஓரத்தில், ஒரு கல்லின் மேல் கேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். மஞ்சள் சட்டையின் முதுகில் கம்பெனியின் பெயர் பாதி அழிந்திருந்தது.

ஜோசஃபின் உள்ளே போகவில்லை. படியில் உட்கார்ந்தாள். செய்தது சரியா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பெற்ற பிள்ளையையும் வாயில்லாத ஜீவனையும் ஒரே நாளில் அழவைத்துவிட்டோம் என்றுதான் தோன்றியது. அதோடுகூட இன்னொன்றும் இருந்தது. அவள் பல மாதங்களாக அறியாத ஒன்று. தோள்கள் தாமாகவே கீழே இறங்கியிருந்தன.

லட்டு அவளைப் பார்த்தது. அவள் தடுக்கவில்லை. அது நடந்து போய், கேட்டின் கம்பிகளோடு ஒட்டி நீளவாக்கில் படுத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அமல் திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் பின்னால் கொண்டுவந்து, கம்பிகளுக்கு இடையே விட்டு, அதன் முதுகில் வைத்தான். அந்தக் கை அங்கேயே கிடந்தது. தெருவிளக்குகள் எரிய ஆரம்பித்தன. ரயில்வே லைன் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வண்டி வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது. லட்டு கண்ணை மூடிக்கொண்டு அவன் கைக்குள் இன்னும் கொஞ்சம் ஒண்டியது. அதன் ஒரு காது மட்டும் மடங்காமல், நிமிர்ந்தபடியே, படியில் உட்கார்ந்திருந்த அவள் பக்கம் திரும்பியிருந்தது.